பச்சைச் சீழும் இரும்புச் சத்தும்

1.

முந்திரிகைப்பழத்தை, அதுதான் திராட்சைப்பழத்தை, கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் ஓங்காளம் வருகிறது. நேற்று ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் என் மனைவி சாந்தி, விலை குறைத்துப் போட்டிருந்த ஒரு பெட்டிப் பழத்தைத் தள்ளுவண்டிலுக்குள் வைத்தாள். வைத்தவள் சும்மா இருந்திருக்கலாம். மூடியைக் கிளப்பி மணந்து பார்த்து, நல்ல பழம் என்று என் மூக்குக்கும் நீட்டினாள். நான் பாண் அடுக்கியிருந்த பக்கம் திரும்பி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கிழவன் பாண் தட்டோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பதை ஒரு சின்னப் பிள்ளை வாய் திறந்து பார்த்தது.

“இன்னும் அந்த மணம் மூக்கிலை நிக்குதே?” என்று கேட்டாள் சாந்தி.

நின்றுகொண்டுதான் இருக்கிறது. என் இடது காலில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்து இந்தக் கிழமையோடு ஒரு வருடம். வெட்டுவதற்கு முன்பு அந்தக் கால் அழுகிப் புளித்த முந்திரிகைப்பழம் போல மணந்தது. வெறுமனே நாறியிருந்தால் பரவாயில்லை. இனிப்பாக மணந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்குச் சகிக்க முடியாத சங்கதி.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினேன். தழும்பின் ஓரத்தில் ஈரம். விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. மூக்குக்குக் கொண்டுபோனேன். கடையில் ஏறிய பழ மணமா, என் காலிலிருந்து வரும் மணமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் அன்றே சொல்லியிருந்தார்: அந்தப் பச்சைச் சீழ் திரும்பி வந்தால் அடுத்த வெட்டு பாதத்தின் பாதியில்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வாசியுங்கள். நோர்வே என்றால் பனியையும் வடதுருவ வெளிச்சத்தையும் எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது சீழைப் பற்றி.

2.

நான் வேலை செய்தது பேருந்து நிலையமொன்றின் கழுவுமிடத்தில். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துப் பேருந்துகள் எல்லாம் பகல் முழுக்க ஓடிக் களைத்து வந்து சேரும். உள்ளே சனங்கள் விட்டுப் போனதைக் கூட்டி அள்ளுவதும் வெளியே சேற்றை அடித்துக் கழுவுவதும் என் வேலை. மென்று துப்பிய சூயிங்கம், பிள்ளைகளின் வாந்தி, வெள்ளி இரவுக் குடிகாரர்களின் வாந்தி, இவற்றுக்கிடையில் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்நேரமும் காலில் றப்பர் சப்பாத்து. உள்ளே எந்நேரமும் ஈரம்.

இருபது வருடமாக ரத்தத்தில் சீனி கூடிய சலரோகக்காரனுக்கு அது ஆகாத இடம். பாதத்தில் உணர்ச்சி எப்போதோ போய்விட்டது. குளிர் தெரியாது, சூடு தெரியாது. அதை நான் ஒரு வசதியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவில் தேர் அன்று எல்லோரையும் போல வெறுங்காலோடு போனேன். வெள்ளைக்காரர் குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க வீதியெல்லாம் சரளைக்கல் கொட்டுவார்கள். இளவேனிலில் கூட்டி அள்ளினாலும் ஓரங்களில் கோடை வரைக்கும் கிடக்கும். கூர்க்கல். அதில் ஒன்று பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியாது. வடம் பிடித்தேன், அன்னதானத்தில் சாப்பிட்டேன், அடுத்த நாள் அதே காலை ஈரச் சப்பாத்துக்குள் நுழைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கடைசியில் கண்டுபிடித்தது சாந்தி. குளியலறையில் கழற்றிப் போட்ட காலுறையில் பச்சைக் கறை. நான் எங்கோ பெயின்ற்றை மிதித்துவிட்டேன் என்று நினைத்து அவள் அதைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சியிருக்கிறாள். போகவில்லை. மணந்து பார்த்திருக்கிறாள். பிறகு அவள் குளியலறையிலேயே சத்தி எடுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

3.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோதுதான் நான் அதை முழுதாகப் பார்த்தேன். மஞ்சள் சீழ் நான் கண்டிருக்கிறேன், ரத்தம் கலந்த சீழும் கண்டிருக்கிறேன். இது பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் போலப் பச்சையாக, துணியின் ஓரத்தில் கொஞ்சம் நீலமாக ஊறியிருந்தது. மனித உடம்பிலிருந்து வரக்கூடாத நிறம். எனக்கு என் கால் மேலேயே அருவருப்பு வந்தது. வேறொருவனின் காலை என் கட்டிலில் கொண்டுவந்து போட்டது போல இருந்தது.

என் மகள் ஆரணிக்கு அது வரவில்லை. ஆரணி இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முதுமாணி செய்கிறாள். கிருமிகள் இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களை எப்படித் தேடிப் பிடிக்கின்றன, எப்படி மிஞ்சிப் போகாமல் அளந்து வைத்திருக்கின்றன என்பது அவளுடைய படிப்பு. எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த முடியாமல் சாந்தி நெடுநாளாக “டொக்டருக்குப் பக்கத்துப் படிப்பு” என்று சொல்லிச் சமாளித்துவந்தாள்.

ஆரணி எங்களோடு இல்லை. நகரத்தின் மற்றப் பக்கத்தில் மாணவர் விடுதியில் ஓர் அறை. ரொம்மனில் எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை சும்மா கிடக்க, அங்கே மூன்று பேருக்குச் சமைக்க ஒரு குசினி. வருவாள், இருப்பாள், தொலைபேசியைப் பார்ப்பாள், போவாள். தமிழில் தொடங்கும் வசனம் நோர்வேஜியனில் முடியும். நான் கோபிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றை மறக்கவில்லை. அவள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டை மண்டபம் எடுத்துச் செய்தோம். மேடை, வீடியோ, லோறென்ஸ்கூக்கிலிருந்தும் பெர்கனிலிருந்தும் வந்த சனம். பெரியவர்களின் காலில் விழுந்து கும்பிடச் சொன்னபோது அவள் நின்றுகொண்டே இருந்தாள். குனிந்து காதுக்குள் கேட்டேன், என்ன பிள்ளை என்று. “கால் ஊத்தையப்பா. நான் மாட்டன்,” என்றாள், ஒலிவாங்கி பக்கத்தில் இருப்பது தெரியாமல். மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்த வீடியோவை நாங்கள் ஒருநாளும் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை.

அந்த ஆரணிதான் தாதி கழற்றிப் போட்ட துணியைக் கையுறையோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு சின்ன ஊதா விளக்கை எடுத்து அடித்தாள். சீழ் ஊறிய இடம் பச்சையாக ஒளிர்ந்தது. பெருநாளில் பிள்ளைகளுக்கு விற்கிற விளையாட்டுச் சாமான் போல என் சீழ் மின்னியது. “டெய்லி!” என்றாள். நோர்வேஜியனில் அதற்கு அருமை என்று அர்த்தம். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

4.

எங்கள் ஆட்களுக்கு ஒருவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். வெறுங்கையோடு பார்க்க வரமாட்டார்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் என்று கதவில் ஒட்டியிருந்ததை எவரும் வாசிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று என் காலைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துக் கதைத்தார்கள். மூச்சை வாயால் விட்டார்கள். எனக்கு அது தெரிந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் கொண்டுவந்தது முந்திரிகைப்பழம். யன்னல் விளிம்பில் பெட்டி பெட்டியாக அது வெயிலில் வியர்த்துக்கொண்டு கிடந்தது.

இதற்கிடையில் ரத்தம் சோதித்தார்கள். இரும்பு மிகவும் குறைவு என்று வைத்தியர் சொன்னார். சொல்லிவிட்டு, இப்போது இரும்பு தரமாட்டோம், தொற்று அடங்கியபிறகு பார்ப்போம் என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும் சாந்தியின் காதில் விழுந்தது. அதை அவள் தொலைபேசியில் தங்கச்சிக்குச் சொன்னாள். பின்னேரத்துக்குள் ஒஸ்லோத் தமிழர் எல்லோருக்கும் என் உடம்பில் ரத்தமே இல்லை என்று தெரிந்துவிட்டது.

அதன்பிறகு வந்தவர்களின் கையில் பீற்றூட், பேரீச்சம்பழம், முருங்கை இலைச் சுண்டல். ஒருவர் ஈரல் வறையை வெந்நீர்ப் போத்தலுக்குள் அடைத்துக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தபோது சரக்குத்தூளும் ஈரலும் என் காலும் சேர்ந்து எழுப்பிய வாசத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த வெள்ளைக்காரக் கிழவர் மண்ணிறப் பாற்கட்டி வைத்த பாணைக் கடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே தட்டில் திரும்ப வைத்தார். அந்தப் பாற்கட்டியும் எனக்குக் குமட்டும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கடைசியாகக் கனகு அண்ணை வந்தார். லோறென்ஸ்கூக்கில் பெரிய வீட்டுக்காரர். எங்கள் ஆட்களின் எல்லா வருத்தத்துக்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும். “வெள்ளையள் தங்கடை ஆக்களுக்கெண்டால் உடனை ஏத்துவாங்கள். எங்களுக்குத்தான் பாப்பம் எண்டுறது,” என்றார். கொழும்பிலிருந்து வந்த இரும்புச் சத்துக் குளிசைப் போத்தல் ஒன்றைச் சாந்தியின் கையில் வைத்தார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. தாதிமாருக்குச் சொல்லவேண்டாம், அவர்கள் வீணாகக் குழம்புவார்கள் என்றார்.

சாந்தி அதை என் காலுறைகளோடு சேர்த்துக் கட்டிலோரத்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். தந்தாள், விழுங்கினேன். ஏன் என்று கேட்கிற தெம்பு எனக்கு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். ரத்தம் குறைவு, இரும்பு கூட்டவேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

5.

அடுத்தது எழுத எனக்கே கூச்சம். ஆனால் சொல்லாவிட்டால் கதை விளங்காது.

என் மலம் கறுத்தது. சும்மா கறுப்பல்ல, தார் போலக் கறுப்பு. ஒருநாள் தாதி கழிப்பறையில் அதைக் கண்டாள். கண்டவளின் முகம் மாறியதை நான் கண்டேன். இரண்டு பேர் வந்தார்கள், பிறகு நாலு பேர். அவர்கள் எல்லோரும் வரிசையாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அகதியாக வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் என்னிடம் எவரும் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

எனக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தந்துகொண்டிருந்தார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் இப்படித்தான் கறுக்குமாம். என் நோர்வேஜியன் போதாது என்று தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் மலத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆள் தேவைப்பட்டது. அதுவும் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று, நல்ல மரியாதையான குரல்.

“சார், மோஷன் எப்போலேர்ந்து கருப்பா போகுது?” என்றது. நான் கொஞ்ச நாளாக என்றேன். வயிற்றுவலி உண்டா, வாந்தி உண்டா என்றெல்லாம் கேட்டது. பிறகு வைத்தியர் ஏதோ சொல்ல, அது கேட்டது: “இங்க குடுக்கிறதத் தவிர வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா சார்?”

“இல்லை பிள்ளை. மருந்து ஒண்டும் எடுக்கேல்லை,” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. சாந்தி பக்கத்தில் நின்று தலையாட்டினாள், அவளும் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் வருத்தத்துக்கு எடுப்பது. இது சத்து. முருங்கை இலையை எவராவது மருந்து என்று சொல்வார்களா? எங்கள் வீடுகளில் எத்தனையோ போத்தல் இருக்கும், லேகியம், தைலம், சத்துமா, குளிசை. வைத்தியர் கேட்டால் அவற்றில் ஒன்றும் எங்கள் நினைவுக்கு வராது. அந்தக் கேள்வி எங்களுக்கு வேறு அலுமாரியைத்தான் காட்டும்.

ஆகவே ரத்தக் கசிவு என்றே முடிவெடுத்தார்கள். மறுநாள் காலை விரல் வெட்டுவதற்குக் குறித்திருந்ததைத் தள்ளிவைத்தார்கள். ரத்தம் உறையாத மருந்தை நிறுத்தினார்கள். பட்டினி போட்டு, தொண்டைக்குள் மரக்கப் பண்ணும் மருந்தை அடித்து, கமரா வைத்த குழாயை உள்ளே இறக்கினார்கள். மூக்காலும் வாயாலும் எச்சில் ஒழுக, கண்ணால் தண்ணீர் ஓட, நான் ஓங்காளித்துக்கொண்டு கிடந்தேன். வயிறு சுத்தம் என்றார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் கசிவு இன்னும் கீழே இருக்கவேண்டும், கீழிருந்தும் கமரா விடவேண்டும் என்றார்கள்.

கால் இவ்வளவுக்கும் தன் பாட்டில் பச்சையாக ஊறிக்கொண்டிருந்தது.

6.

ஆரணி அன்று பின்னேரம் வந்தாள். தொலைபேசிக்கு மின்னேற்றும் வயரைத் தேடி லாச்சியைத் திறந்தவள் போத்தலை எடுத்தாள். திருப்பி வாசித்தாள்.

“இது என்ன?”

“சத்து,” என்றாள் சாந்தி.

ஆரணி கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் நேரே தாதியிடம் போய்ப் போத்தலைக் கொடுத்துவிட்டு வந்தாள். இரும்புக் குளிசை விழுங்குகிறவனுக்கு மலம் கறுக்கும் என்பது இங்கே எல்லாத் தாதிமாருக்கும் தெரியுமாம். கீழ்க் கமரா அத்தோடு நின்றது. அதற்காக இன்றைக்கும் நான் அவளுக்கு நன்றியுள்ளவன்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என் கால்மாட்டில் இருந்தாள். நோர்வேஜியனில் தொடங்கினாள், நிறுத்தினாள், தமிழில் திரும்பத் தொடங்கினாள். சொல்லுக்குச் சொல் தேடினாள்.

“அப்பா, உங்கடை உடம்பு இரும்பைத் துலைக்கேல்லை. ஒளிச்சு வைச்சிருக்கு. பக்டேரியா உள்ளுக்கு வந்தவுடனை கதவைப் பூட்டிப்போட்டுது, அது எடுக்கக்கூடாதெண்டு. நீங்கள் விழுங்கினது ஒண்டும் ரத்தத்துக்குப் போகேல்லை. எல்லாம் டொய்லெட்டுக்குப் போட்டுது.”

“அப்ப அந்தப் பச்சை?” என்று கேட்டேன்.

“அது அதின்ரை வலை. இரும்பு பிடிக்கிற வலை. பசி வந்தாத்தான் அதைச் செய்யும்.”

அந்தப் பச்சையில் ஒரு பங்கு அழுகல் அல்ல, கிருமி தன் வயிற்றுக்காகச் செய்து வெளியே அனுப்பும் ஒரு பொருள் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அது சீழுக்குள் அலைந்து திரிந்து, எங்காவது இரும்பின் ஓர் அணு தனியே கிடந்தால் கவ்விக்கொண்டு கிருமியிடம் திரும்பி வருமாம். வலை பின்னாமல் அடுத்தவன் வலையில் வந்ததைத் தின்று வாழும் கிருமிகளும் அதே கூட்டத்தில் உண்டாம். சங்கத்து ஆண்டு விழாவில் ஒரு கதிரையைக்கூடத் தூக்கி வைக்காமல் முதல் பந்தியில் போய் இருக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். உடம்பும் லேசுப்பட்டதல்ல. இரும்பைத் தராமல் பட்டினி போடும். வெள்ளணுக்கள் விழுங்கிய கிருமியின் மேல் செம்பை வாரி இறைத்து நஞ்சூட்டும். கிருமி அந்தச் செம்பை வெளியே இறைத்துத் தள்ள ஒரு குழாய் வைத்திருக்கும். என் விரலடியில் இத்தனையும் நடந்துகொண்டிருந்தது.

ஏன் இந்த இழவு இரும்புக்கு இப்படி அடிபடுகிறதுகள், வேறு ஏதாவது தின்னக்கூடாதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஆதியில் கடல் முழுக்க இரும்பு கரைந்து கிடந்ததாம். காற்றில் ஒட்சிசன் இல்லாத காலம். அள்ள அள்ளக் குறையாது என்று நினைத்து உயிர்கள் தங்கள் வீட்டுக் காரியம் எல்லாவற்றையும் இரும்பை வைத்தே பழகிக்கொண்டன. பிறகு சில கிருமிகள் ஒட்சிசனை விடத் தொடங்க, அத்தனை இரும்பும் துருவாகிக் கடலடியில் போய்ப் படிந்தது. பழக்கம் மட்டும் மிஞ்சியது. அன்று தொடங்கிய பஞ்சத்தில்தான் இந்த வலைகளைப் பின்னப் பழகின. அப்படியும் ஒரு கிருமி இருக்கிறதாம், இங்கே புல்லுக்குள் நடந்தால் கடிக்கும் உண்ணி பரப்புவது. அது இரும்பே வேண்டாம் என்று விட்டுவிட்டு மங்கனீசை வைத்துக்கொண்டு சீவிக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மெச்சுதல் இருந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்கு ஞாபகமிருக்கே, வீட்டுக்குப் பின்னாலை காட்டிலை அந்தச் செம்மஞ்சள் வாய்க்கால்?” என்று கேட்டாள்.

இருந்தது. ரொம்மனில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் காட்டு ஓரத்தில் ஒரு வாய்க்கால். துரு நிறத்தில் வழுவழுவென்று சளி. மேலே எண்ணெய் மிதப்பது போல நிறம் நிறமாக ஒரு ஆடை. அவள் பாலர் வகுப்புக்குப் போன காலத்தில் ஒரு தடியால் அதைக் குத்தினாள். எவனோ பெற்றோல் கொட்டியிருக்கிறான், சீ, தொடாதே என்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அந்தச் சளியை முன்பே தெரியும். இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது அங்கேயிருந்த குழாய்க்கிணற்றின் வாயில் அதே சளி படிந்திருக்கும். தண்ணீரில் துரு வாடை. நான் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தால் வடித்துத்தான் குடித்தோம், எல்லோரும் ஒரே சாரத்தால். தேத்தண்ணீர் போட்டால் மை போலக் கறுத்தது. அன்றிலிருந்து அந்த நிறத்தைக் கண்டால் விலகி நடப்பேன்.

“அது எண்ணெய் இல்லையப்பா. தடியாலை குத்தினா எண்ணெய் திரும்ப ஒட்டும். அது கண்ணாடி மாதிரி உடைஞ்சது. நான் உங்களுக்கு அண்டைக்கே சொன்னனான். நீங்கள் பாக்கேல்லை.”

அது இரும்பை வைத்துச் சீவிக்கும் கிருமிகளின் ஆடையாம். அவள் சொன்னது எனக்கு ஞாபகமில்லை. நான் பார்க்கவில்லை என்பது ஞாபகம் இருந்தது.

7.

ஒரு விரல் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். கமராக் கூத்தெல்லாம் முடிந்து சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனபோது பக்கத்து விரலின் எலும்புக்கும் பச்சை போயிருந்தது. பிந்தியதாலா என்று ஆரணி கேட்டாள். அதை எவராலும் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். கனகு அண்ணைக்கு இதை எவரும் சொல்லவில்லை. விரல் போனபின் பார்க்க வந்தவர், நாங்கள் நேரத்தோடு சத்துக் கொடுத்ததால்தான் பாதம் தப்பியது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சாந்தி வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணீர் கொடுக்கிறாள். எனக்கு அவரைக் காணவே பிடிக்கவில்லை.

விரல் போனதைவிட அதற்குப் பிறகு வந்த அலுவலகச் சீவியம் பெரிய அருவருப்பு. நோய் விடுப்புக் காலம் முடிந்தால் வேறொரு உதவிக்கு மாறவேண்டும். அதற்கு அரச உதவிப்பண அலுவலகத்தில் ஒரு சந்திப்பு. ஆரணியின் வயதில் ஒரு பெடியன், கணினியைப் பார்த்தபடி கேட்டான், உங்கள் நிலையில் முன்னேற்றத்தை எதிர்பார்க்கிறீர்களா என்று. திரும்ப முளைத்தால் முதலில் உனக்குத்தான் அறிவிப்பேன் என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் நான் நோர்வேஜியன் பழகியது வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில், குடல் அள்ளும் வரிசையில் நின்ற பெண்களிடம். அவர்கள் வசனத்துக்கு ஒரு தூஷணம் வைத்துத்தான் கதைப்பார்கள். அது எனக்கு இலக்கணம் போல ஒட்டிவிட்டது. பெடியன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான். என்னைப் பற்றி என்ன எழுதிவைத்தானோ, அடுத்த சந்திப்புக்கு இரண்டு பேர் வந்து இருந்தார்கள்.

8.

இப்போது நேற்றைய ஈரத்துக்கு வருகிறேன்.

வார இறுதியில் அழைக்கும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். காய்ச்சல் இருக்கிறதா, சிவப்பு ஏறியிருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. அப்படியானால் திங்கள் காட்டலாம் என்றார்கள். சாந்தியைப் பார்க்கச் சொன்னேன். அவள் குனிந்தாள், பாதி வழியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். பாதி பாதத்தோடு நான் எப்படி நடப்பேன், எப்படிக் குளிப்பேன் என்று நேற்றிரவு முழுக்க ஒரே யோசனை. ஆரணிக்குச் சொல்லவேண்டாம் என்று சாந்தியிடம் சொன்னேன். அவள் சொல்லிவிட்டாள்.

இன்று காலை ஆரணி வந்தாள். நகரத்தின் மற்றக் கரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலில். சப்பாத்தைக் கழற்றினாள், கையைக் கழுவினாள், என்னைக் கதிரையில் இருத்திவிட்டு யன்னல் சீலையை இழுத்து மூடினாள். அந்த ஊதா விளக்கை எடுத்தாள். காலுறை பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. அது உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத்தின் ஒளி என்று சொல்லிக் காலுறையைக் கழற்றினாள். தழும்பில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. அது சாந்தி பூசிய களிம்பாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், இந்த விளக்கை நம்பமுடியாது என்றாள்.

விளக்கை நிலத்தில் வைத்தாள். முழங்காலில் இருந்தாள். என் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். நான் இழுத்தேன், அவள் விடவில்லை. குனிந்து மூக்கை அந்தத் தழும்பில் வைத்தாள். கிட்டவல்ல, வைத்தாள். அவளுடைய மூச்சு என் காலில் பட்டிருக்கும். அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி கிடையாது. அவளுடைய உச்சி வகிடு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு என் கால் அருவருத்தது. வெட்கமாகவும் இருந்தது.

“முந்திரிகைப்பழம் இல்லை,” என்றாள். “வேர்வைதான். நாளைக்கு எண்டாலும் டொக்டரிட்டைக் காட்டுங்கோ.”

“காணும் பிள்ளை, ஊத்தைக் கால். எழும்பு,” என்றேன்.

“பொறுங்கோ அப்பா,” என்றாள். திரும்பவும் குனிந்தாள்.